கட்டிலில் அடித்த மணி

ராஜப்பாவின் வலது கை செத்து ஏழு வாரம் கழித்து உயிர்த்தெழுந்தபோது அதற்குப் பேச்சும் வந்திருந்தது என்று தங்கச் சுரங்கத்து வரிசை வீடுகளான பாலகாட் ஆறாம் லைனில் எல்லோரும் நம்பினார்கள். நம்பவைத்தவர் ஜம்புலிங்கம்.

ஜம்புலிங்கத்துக்கு வயது அறுபத்தேழு. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் நின்று கேஜுக்கு மணி கொடுக்கிற வேலை அவருடையது. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். அவர் காது சாதாரணக் காது இல்லை. கேஜின் கயிறு போடும் சுருதியைக் கேட்டே உள்ளே எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சாப்பிடாமல் வந்தவர்கள் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, "முப்பத்தோரு ஆளு, ஒரு பலாப்பழம்" என்றார். மேலே போய்ப் பார்த்தால் மேஸ்திரியின் டிபன் ரூமில் வைத்திருந்த பழம் ஒருவன் சட்டைக்குள் இருந்தது. நம்பாதவர்கள் அந்தப் பழத்தில் பங்கு சாப்பிட்டவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

கேஜ் ஏறி இறங்கும் ஆழ்குழிதான் ஷாஃப்ட். அதற்கென்று ஒரு பாஷை உண்டு. ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று, ஆள் உள்ளே வந்தாச்சு, பத்திரம். நான்கு, தூக்கு. மேலே எஞ்சின் ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. மணிதான் அவனுக்குக் கண். லைன் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாஷை தாய்ப்பாலோடு இறங்கியது. கைக்குழந்தை கிலுகிலுப்பையை நாலு தரம் ஆட்டினால் தாய் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கிக்கொள்வாள். இரண்டு தரம் ஆட்டினால் திரும்பக் கீழே விட்டுவிடுவாள். அழுகிற வழக்கமே அந்த லைன்களில் தாமதமாகத்தான் வந்தது.

ராஜப்பா சுரங்கத்தில் பாறையைத் துளைக்கிற மெஷின் போட்டவர். எழுபத்துமூன்று வயதிலும் தோள் இறங்காத ஆள். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை, குழாயடியில் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வலப்பக்கமாகச் சரிந்தார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் கழுத்துக்கு மேலே ஒன்றையொன்று குறுக்கே தாண்டுகின்றன. அதனால் இடப்பக்கம் அடைத்தால் வலக்கையும் வலக்காலும் விழும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு குடியிருப்பதும் அந்த இடப்பக்கத்தில்தான். ராஜப்பாவுக்கு இரண்டும் ஒரே நாளில் போயின. வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புக் கட்டிலில் போட்டபோது அவர் கண்கள் எல்லாவற்றையும் பார்த்தன. பார்த்ததில் எது உள்ளே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் மனைவி கங்கம்மா ஆறு வாரம் அவரோடு பேசிப் பார்த்தாள். ஏழாம் வாரம் ஒரு சாயங்காலம், நாலு மணி டீக்கு ஜம்புலிங்கம் வந்தபோது, வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஜம்பு, வந்து பாரு. கை ஆடுது."

வலது கை கட்டிலின் ஓரக் குழாய்மேல் கிடந்தது. விரலில் செம்பு மோதிரம். கட்டை மாதிரி கிடந்த அந்தக் கை மணிக்கட்டிலிருந்து வெட்டி இழுத்தது. மோதிரம் குழாயில் பட்டது.

டங். டங். டங். டங்.

ஜம்புலிங்கம் செருப்போடு உள்ளே வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

"நாலு," என்றார். "தூக்கச் சொல்றாரு அண்ணி."

"இன்னாது?"

"நாலு அடிச்சா தூக்கு. உங்களுக்குத் தெரியாதா? பிடிங்க அந்தப் பக்கம்."

இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தார்கள். ராஜப்பா ஜன்னலுக்கு வெளியே, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு, டங், டங்.

"போதுமாம். இறக்கச் சொல்றாரு."

கங்கம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அன்று இருட்டுவதற்குள் அவரைப் பதினொரு முறை தூக்கி இறக்கினார்கள். முப்பது வருட சர்வீசில் ராஜப்பா ஒரே நாளில் அத்தனை முறை ஏறி இறங்கியதில்லை.

வேறு ஊராக இருந்திருந்தால், கை தானாகத் துடிக்கிறது என்று மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். பாலகாட்டில் உட்கார்ந்து எண்ணினார்கள்.

எண்ணத் தெரிந்தவர்கள் அந்த லைனில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆனால் பொருள் சொல்லும் உரிமையை யாரும் ஜம்புலிங்கத்திடமிருந்து பறிக்கவில்லை. ஒன்று அடித்தால் வேண்டாம். மூன்று அடித்தால் சரி, ஆமாம், பத்திரம். ஐந்து, ஆறு என்று போனால் அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. மூன்றாம் வீட்டு டைட்டஸ், சுரங்கத்தில் பாறை சரியாமல் முட்டுக்கட்டை வைத்தவர், தன் வெள்ளாட்டைக் காணோம் என்று வந்து கட்டிலோரம் நின்றார்.

"ப்ரதர், என் ஆடு எங்க கீது?"

கை ஐந்து அடித்தது.

"அஞ்சாம் லைன்ல போய்ப் பாரு," என்றார் ஜம்புலிங்கம், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

ஆடு ஐந்தாம் லைனில் இருந்தது. அது தினமும் ஐந்தாம் லைனில்தான் மேயும் என்பதை டைட்டஸ் உட்பட எல்லோரும் மறந்துபோனார்கள். அதன்பிறகு பேத்தமங்களா ஏரித் தண்ணீர் என்றைக்குத் திறந்துவிடுவார்கள், பென்ஷன் வழக்கு ஜெயிக்குமா, பெண்ணுக்கு அந்த பூதிகோட்டை மாப்பிள்ளை சரிப்படுவானா என்று கேட்க ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கை ஒன்று அடித்தது. சம்பந்தம் நின்றுபோயிற்று. பையன் வீட்டார் வந்து, திரும்ப ஒருமுறை கேட்க வேண்டும் என்று சண்டை போட்டார்கள். மறுமுறை ஏழு அடித்தது. ஏழு வருடம் கழித்துச் செய்யலாம் என்று பொருள் சொல்லப்பட்டது.

மகன் ராஜ்குமார் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டியபின் திரும்புகிறவன். அவனுக்கு அப்பாவின் கை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பேசியது.

கங்கம்மா இளைத்துப்போனாள். நாலு அடித்தால் ஓடிவந்து தூக்கவேண்டும். இரண்டு அடித்தால் அரிசி கழுவுவதை விட்டுவிட்டு வந்து இறக்கவேண்டும். இடுப்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நடந்தாள். ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "வாய் இருந்தப்போ இவ்ளோ பேசலை," என்பாள். ராத்திரி படுக்கும்போது பழைய சேலையை மடித்து அவர் கைக்குக் கீழே வைத்துவிடுவாள். பகலெல்லாம் பேசின மனுஷன் கொஞ்ச நேரம் ஓயட்டுமே.

ஜம்புலிங்கத்துக்கோ, ஆடும் மாப்பிள்ளையும் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கையிடம் அவர் கேட்கவேண்டியது ஒன்று இருந்தது. முப்பது வருடமாக இருந்தது.

தொண்ணூற்றைந்தில், பூமிக்கடியில் முப்பத்தெட்டாம் லெவலில், பகல் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் கேஜில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மணிக்கயிறு ஜம்புலிங்கத்தின் கையில். வாயில் ஒரு கதை. வெடிமருந்தைத் தின்றுவிட்ட ஒரு பெருச்சாளியைப் பற்றிய கதை அது. தின்றுவிட்டு ஒரு வாரமாக லெவல் முழுக்க உலாத்துகிறது. உதைத்தால் வெடிக்கும் என்று பயந்து யாரும் விரட்டுவதில்லை. துரை மாதிரி வருகிறது, போகிறது. மேஸ்திரியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்று வழி விடுகிறார். கேஜுக்குள் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். கடைசியாக ஏறியவன் ராஜப்பாவின் தம்பி நாகேஷ். இருபத்தாறு வயது. கதை எங்கே முடிகிறது என்று கேட்க வாசலிலேயே நின்றுவிட்டான். ராஜப்பா வெளியே, ஜம்புலிங்கத்துக்கு எதிரில், அடுத்த கேஜுக்காக நின்றிருந்தார்.

ஜம்புலிங்கம் மூன்று அடித்தார். பிறகு நாலு. கேஜ் கிளம்பியது.

கேஜுக்கும் பாறைக்கும் நடுவில் கால் நசுங்கிய நாகேஷ் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

விசாரணையில் ஜம்புலிங்கம் சொன்னார்: "கேஜுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்களான்னு பார்த்தேன். அப்புறம்தான் அடிச்சேன்." அடுத்து ராஜப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் நின்றபடியே சொன்னார்: "ஜம்பு பார்த்துத்தான் அடிச்சான். மணி அடிச்சப்புறம் என் தம்பிதான் காலை வெளிய நீட்டிட்டான்." அவ்வளவுதான். ஜம்புலிங்கத்தின் வேலை போகவில்லை. ஒரு வாரம் கழித்து ராஜப்பா தெருவில் அவரைப் பார்த்து, "டீ குடிக்க வா," என்றார். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு டீ. சுரங்கத்தை மூடினார்கள், பிள்ளைகள் பெங்களூருக்குப் போனார்கள், டீ நிற்கவில்லை. அந்த விஷயத்தை இருவரும் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

ஜம்புலிங்கம் ஊரெல்லாம் கதை சொன்னார். அந்த ஒரு வீட்டில் மட்டும் சொன்னதில்லை.

அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது இதுதான்: மூன்று அடித்தபோது நாகேஷின் கால் உள்ளே இருந்ததா, வெளியேவா? அதைப் பார்த்தவர் ராஜப்பா ஒருவர்தான். விசாரணையில் அவர் சொன்னது நடந்ததா, அல்லது சிநேகத்துக்காகச் சொன்னதா? முதலாவதாக இருந்தால் ஜம்புலிங்கம் மணி அடித்தவர். இரண்டாவதாக இருந்தால் ஜம்புலிங்கம் கொன்றவர்.

மே மாதம் ஒரு மத்தியானம். எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்திருந்தது. கங்கம்மா குடங்களோடு குழாயடிக்குப் போயிருந்தாள். ஜம்புலிங்கம் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ராஜண்ணா," என்றார். "ஒண்ணு கேக்கணும். நாகேஷ் விஷயம்."

ராஜப்பா அவரைப் பார்த்தார். கை அசையவில்லை.

"அன்னைக்கு நான் மணி அடிச்சப்போ அவன் கால் உள்ள இருந்துதா? உள்ள இருந்துதுன்னா மூணு அடி. இல்லைன்னா ஒண்ணு அடி. எனக்காகப் பார்த்துச் சொல்லாதே. இனிமே வேலை போறதுக்கு வேலையும் இல்லை."

கை கிடந்தது. குழாயடியில் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. ஜம்புலிங்கம் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

டங்.

ஒன்று, என்று எண்ணிக்கொண்டார்.

டங். டங்.

நான்காவது வருகிறதா என்று ஜம்புலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வரவில்லை. நெற்றியைக் கட்டில் குழாயில் சாய்த்துக்கொண்டு, தண்ணீர்க் குடத்தோடு கங்கம்மா உள்ளே வரும்வரை அப்படியே இருந்தார். கண்ணில் தூசி என்றார். அன்றிரவு தூங்கிய தூக்கம் முப்பது வருடத்தில் தூங்காத தூக்கம். பக்கத்து லைன் கல்யாணத்தில் பேண்டு வாசித்தும் அவர் எழவில்லை. பேண்டுக்காரர்கள் அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் இரண்டு டிரம் சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலு நாள் அந்தச் சுகம் இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் சற்று முன்னதாக வந்துவிட்டார். கங்கம்மா ஆண்டர்சன்பேட்டை பஜாருக்குப் போயிருந்தாள். ராஜப்பா வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை தூங்கவில்லை.

டங். டங். டங். டங். டங். டங்.

தூக்கத்தில் உளறாதவன் யார் என்று ஜம்புலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாளும் முன்னதாக வந்தார். அன்றும் ராஜப்பா தூக்கத்தில் இருந்தார், கை அடித்துக்கொண்டிருந்தது. கூர்ந்து பார்த்தால் வாயின் வலது ஓரமும் அதே தாளத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. ஜம்புலிங்கம் மெல்ல அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கயிற்றை இழுக்கிற கைக்கு ஒரு எண்ணம் இருக்கும். இழுக்கும், விடும், அடுத்ததற்குக் காத்திருக்கும். இதில் அது இல்லை. பிடித்த பிடிக்குள்ளேயே அது மீன் மாதிரி வெட்டிக்கொண்டது. இருபது வருடம் கேஜின் கயிற்றில் பலாப்பழத்தைக் கேட்ட காதுக்கு இது புரியாமல் இருக்குமா? புரிந்தது. கையைக் குழாய்மேல் இருந்தபடியே வைத்துவிட்டு, ஸ்டூலை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை, மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வருகிற நரம்பு டாக்டரைப் பார்க்க கங்கம்மா ஆட்டோ பேசினாள். கை திரும்ப வந்துவிட்டதை டாக்டருக்குக் காட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. போகும்போது ராஜப்பாவுக்கு வெளுத்த சட்டை போட்டுவிட்டு, ஜம்புலிங்கத்தையும் கூட ஏற்றிக்கொண்டாள்.

டாக்டர் ஐடா சின்ன வயதுக்காரி. தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எல்லோரையும் அங்கிள், ஆன்ட்டி, தாத்தா என்று கூப்பிடுகிறவள். கங்கம்மா சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நாலு அடிச்சா தூக்கணும்மா. ரெண்டு அடிச்சா இறக்கணும். எங்க ஷாஃப்ட் மணி. இதோ இவருதான் கண்டுபிடிச்சாரு."

டாக்டர் ராஜப்பாவின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அது துடிப்பதைப் பார்த்தாள். வாயின் ஓரத்தைப் பார்த்தாள். "தாத்தா, நிறுத்துங்க பார்க்கலாம்," என்றாள். நிற்கவில்லை. "தாத்தா, ரெண்டு அடிங்க." ஒன்பது அடித்தது.

"ஆன்ட்டி, தூங்கும்போதும் இப்படி ஆடுதா?"

"இல்லம்மா. தூங்கும்போது எப்படிப் பேசுவாரு? கைக்குக் கீழ சேலை வெச்சிருவேன். சத்தமே வராது."

டாக்டர் அந்தக் கையை மெல்ல அவர் மடியில் இறக்கி வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். அடைப்பு வந்த இடத்தில் மூளையில் ஒரு தழும்பு நின்றுவிடும். மூளையின் செல்கள் ஒன்றுக்கொன்று மின்சாரத்தில்தான் பேசிக்கொள்கின்றன. தழும்பைச் சுற்றியிருக்கிற செல்கள் சில சமயம் யாரும் கேட்காமலே கரண்ட் விட ஆரம்பித்துவிடும். அந்த இடம் கையை ஆட்டுகிற இடமாக இருந்தால் கை ஆடும். அதுவும் வலிப்புதான். மயங்கி விழுந்தால்தான் வலிப்பு என்றில்லை.

"வலிப்புன்னா நிறுத்தியே ஆகணும். விட்டா உடம்பு முழுக்கப் பரவலாம். மிச்சம் இருக்கறதும் போயிடும். ஆனா வேற மாதிரி நடுக்கமா இருந்தா இந்த மாத்திரை வேணாம். ரொம்பத் தூக்கம் கொடுக்கும், முழுங்கறது கஷ்டமாகும். அதனாலதான் கேக்கறேன். தூக்கத்துலயும் நிக்காம ஆடுச்சுன்னா எனக்கு டவுட் இல்லை. யாராவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா, அது பேச்சுதான்," என்றாள் கங்கம்மா. "ஜம்பு, நீ சொல்லு."

ஜம்புலிங்கம் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் வெட்டின மூளை. இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். லெவல் லெவலாகப் பிரித்துப் போட்டிருந்தது. கால் உள்ளே இருந்தது என்று எந்த நிறத்திலும் எழுதியிருக்கவில்லை.

பேச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை அடித்துச் சொன்ன அந்த மூன்று அவருடையதாகவே இருக்கும்.

"அங்கிள்?"

"ஆடுதும்மா," என்றார். "தூக்கத்துலயும் ஆடுது. குறட்டை விட்டுக்கினு இருக்கும்போதே ஆடுது. ரெண்டு தரம் பார்த்தேன். பிடிச்சாலும் நிக்கலை."

கங்கம்மா அவர் பக்கம் திரும்பினாள். ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். லைனுக்குள் வந்து ராஜப்பாவைக் கட்டிலில் போட்டபிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எப்போ பார்த்தே?"

"பத்து நாளாச்சு அண்ணி."

"பத்து நாளா தெரிஞ்சுக்கினே என்னைத் தூக்க வெச்சியா? வெறும் துடிப்புக்கா நான் தூக்கினேன், இறக்கினேன்?"

ஜம்புலிங்கம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாத்திரை நாலாம் நாளே வேலை செய்தது. அடி சிறுத்து, மோதிரம் குழாயைத் தொடாமல் காற்றில் ஆடி, ஒரு வாரத்தில் நின்றது. ராஜப்பா பகலிலும் தூங்கினார். ஆட்கள் வருவது குறைந்தது. டைட்டஸ் ஒருநாள் எட்டிப் பார்த்து, "லைன் கட்டாயிடுச்சா ப்ரதர்?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தன் ஆட்டைத் தானே தேடப் போனார். அது ஐந்தாம் லைனில் இருந்தது.

வீடு நிசப்தமாகிவிட்டது. கங்கம்மா அந்தக் கையைப் பகலில் பத்துத் தரம் எடுத்துப் பார்ப்பாள். கட்டை மாதிரி இருக்கும். ஜம்புலிங்கத்துக்கு நாலு மணிக்கு டீ வரும். டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். தூக்கம் அவருக்குப் பழையபடி ஆனது.

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் அவர் டம்ளரைத் தொடவில்லை.

"ராஜண்ணா," என்றார். ராஜப்பா விழித்திருந்தார். கங்கம்மா சமையலறையில் இருக்கிறாள் என்பது ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். பாத்திரச் சத்தம் வந்துகொண்டிருந்தது. குரலை அவர் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு நான் பார்க்கலை. விசாரணையில பார்த்தேன்னு சொன்னது பொய். வாய்ல கதை ஓடிக்கினு இருந்துது. எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு அவங்க மூஞ்சியைப் பார்த்துக்கினு இருந்தேன். கீழ பார்க்கலை. கை தானா அடிச்சிருச்சு. கால் உள்ள இருந்துதா வெளிய இருந்துதான்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. அவ்ளோதான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கங்கம்மா வாசல்படியில் நின்றிருந்தாள். கையில் சோப்பு நுரை.

"வெளியதான் இருந்துது," என்றாள்.

ஜம்புலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு ராத்திரியே எங்கிட்ட சொன்னாரு. ஜம்பு பார்க்காம அடிச்சிட்டான், கதை சொல்லிக்கினு இருந்தான்னு. விசாரணை முடிஞ்சு வந்தப்போ, ஏன் அப்படி சாட்சி சொன்னீங்கன்னு அடிச்சுக்கினு அழுதேன் நான். ஒரு வீட்ல அடுப்பு அணைஞ்சது போதாதான்னு கேட்டாரு. உன் பொண்ணு அப்போ கைக்குழந்தை."

"தெரிஞ்சுமா எனக்கு டீ குடுத்தீங்க?"

"குடுக்கச் சொன்னாரு. மொத ரெண்டு வருஷம் எனக்குக் கை எரியும், அந்த டம்ளரைத் தொட்டா." அவள் நுரையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அவனே ஒருநாள் வாயைத் திறந்து சொல்லுவான், சொன்னா பாரம் இறங்கிடும்னு சொல்லிக்கினே இருந்தாரு. தினம் நாலு மணிக்குப் பார்ப்பாரு. நீ வருவே, டீ குடிப்பே, மழை வருமான்னு கேப்பே, போயிடுவே. முப்பது வருஷம் வாய் இருந்துது அவருக்கு. காது இருந்துது. இப்போ வந்து சொல்றியே ஜம்பு. யாருக்குச் சொல்றே?"

ஜம்புலிங்கம் ராஜப்பாவின் முகத்தைப் பார்த்தார். ராஜப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. கங்கம்மா வந்து துடைத்துவிட்டு, டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு," என்று எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். அவர் குடித்தார்.

ஜூலை முதல் சனிக்கிழமை அவளிடம் கேட்காமலே ஜம்புலிங்கம் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தாள். கிளம்பும்போது ஜம்புலிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நாம சொல்றது அவருக்குள்ள போகுதா?"

"சொல்ல முடியாது அங்கிள். புரிஞ்சுக்கற இடமும் பாதிச்சிருக்கு. ஆனா எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நாள் கொஞ்சம் போகும், ஒரு நாள் போகாது. என்னைக்குப் போச்சுன்னு நமக்குத் தெரியாது."

மறுநாள் நாலு மணிக்கு ஜம்புலிங்கம் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். பாலகாட்டில் வேறெந்தக் கதையை அவர் இரண்டாம் தரம் சொன்னாலும் முதல் தரத்தைவிட ஒரு முழம் வளர்ந்திருக்கும். இது வளரவில்லை. அதே லெவல், அதே கயிறு, அதே சிரிப்பு, நான் பார்க்கலை ராஜண்ணா. ராஜப்பா சில நாள் அவரைப் பார்த்தார், சில நாள் ஜன்னலைப் பார்த்தார், சில நாள் தூங்கினார். தூங்கினாலும் ஜம்புலிங்கம் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஆவணி பிறந்தது. மேட்டிலிருந்து சயனைடு தூள் காற்றில் வந்து ஜன்னலில் வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. கங்கம்மா கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு செவ்வாய்க்கிழமை," என்று ஆரம்பித்தார் ஜம்புலிங்கம். "பகல் ஷிஃப்ட்…"

"புதன்," என்றாள் கங்கம்மா, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"புதன்," என்றார் ஜம்புலிங்கம். "அன்னைக்குப் புதன்கிழமை ராஜண்ணா. பகல் ஷிஃப்ட் முடிஞ்சு எல்லாரும் ஏறிக்கினு இருந்தாங்க."